சொன்னது போய்ச் சேர்ந்ததா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரை)



'பணியிடத்தில் தகவல் தொடர்பு' என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் மெக்கானிக்கல் பிரிவில் படித்தவன். பம்ப், கம்ப்ரஸர், கூலிங் டவர் என்று இயந்திரங்களோடு காலம் தள்ளுகிறவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். ஏனென்றால் இந்தத் தலைப்பைப் பற்றி நம் மாணவர்களிடையே ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது.

வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் 'கம்யூனிகேஷன் ஸ்கில்' வேண்டும் என்கிறார்கள். உடனே நம் பிள்ளைகள் அதை ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தட்டுத் தடுமாறாமல் ஆங்கிலம் பேசினால் போதும், அந்தத் திறமை வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆங்கிலம் வேண்டும்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தாய்மொழி ஒன்றாகவே உள்ள இரண்டு பேர், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு முக்கியமான விஷயத்தைப் பரிமாறிக்கொள்ளத் தவறியதால் உயிர்கள் போயிருக்கின்றன. அங்கே குறைந்தது மொழி இல்லை. 'சொல்லிட்டேன்' என்பதோடு தன் வேலை முடிந்தது என்று ஒருவர் நினைப்பதும், 'யாரும் சொல்லலையே' என்பதோடு தன் பொறுப்பு முடிந்தது என்று மற்றவர் நினைப்பதும்தான் அங்கே உள்ள கோளாறு. இதைத்தான் இன்று நான் பேச விரும்புகிறேன். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நடந்தவற்றைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு பெரிய விபத்து. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே, வடகடலில் 'பைப்பர் ஆல்ஃபா' என்று ஓர் எண்ணெய், எரிவாயு மேடை இருந்தது. 1988-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி. அங்கே கண்டன்சேட் என்ற திரவத்தைத் தள்ளுவதற்கு ஏ, பி என்று இரண்டு பம்புகள். ஒன்று ஓடும், மற்றொன்று தயாராக நிற்கும். நம் தொழிற்சாலைகளிலும் அப்படித்தானே வைக்கிறோம்!

அன்று பகலில் ஏ பம்பைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். அதற்கு ஒரு பெர்மிட். அதே பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகத் தனியே கழற்றியிருந்தார்கள். அதற்கு இன்னொரு பெர்மிட். வால்வு இருந்த இடத்தில் ஒரு மூடித் தகட்டைப் போட்டு வைத்தார்கள். அது வாயுக் கசிவைத் தாங்கும்படி இறுக்கப்படவில்லை. மாலைக்குள் வால்வைத் திரும்பப் பொருத்த முடியவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஷிப்ட் மாறியது. வால்வு கழற்றிக் கிடக்கும் செய்தி, இரவு வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

இரவு சுமார் 9.45 மணிக்கு பி பம்ப் நின்றுபோயிற்று. மறுபடி ஓட மறுத்தது. இரவு ஷிப்ட்காரர்கள் பதற்றமாகத் தேடினார்கள். ஏ பம்பின் பராமரிப்புப் பெர்மிட் கைக்குக் கிடைத்தது. வேலை இன்னும் தொடங்கவில்லை என்று தெரிந்தது. 'அப்படியானால் ஓட்டலாமே' என்று முடிவு செய்தார்கள். அவர்கள் நினைத்ததில் பிசகு இல்லை, கையில் இருந்த தகவலின்படி அது சரியான முடிவு. வால்வு பற்றிய இன்னொரு பெர்மிட் அவர்கள் கண்ணில் படவில்லை. வால்வும் பம்புக்குப் பக்கத்தில் இல்லை, மேலே இருந்தது. பம்பை ஓட்டினார்கள். மூடித் தகட்டின் வழியே வாயு கசிந்தது. பத்து மணி அளவில் முதல் வெடிப்பு.

அப்புறம் நடந்ததும் இதே கதைதான். பக்கத்து மேடைகள் இரண்டிலிருந்து குழாய் வழியே வந்துகொண்டிருந்த எண்ணெயும் வாயுவும் உடனே நிறுத்தப்படவில்லை. பைப்பர் ஆல்ஃபாவின் பணியாளர்கள் தங்கும் பகுதியில் கூடி, அடுத்த உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். உத்தரவு வரவில்லை. மொத்தம் 167 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 61 பேர். விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990-இல் கொடுத்த அறிக்கையில் 106 பரிந்துரைகள் இருந்தன. பெர்மிட் முறையும் ஷிப்ட் மாற்றும்போது தகவலை ஒப்படைக்கும் முறையும் அந்த விசாரணையில் அலசி ஆராயப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வால்வு இல்லை என்ற செய்தி அந்த மேடையில் இருந்தது. எழுத்திலும் இருந்தது, சிலர் மனத்திலும் இருந்தது. பம்பை ஓட்டப்போகிறவரிடம் மட்டும் இல்லை!

'அது வெளிநாடு, கடல் நடுவிலே, நமக்கென்ன' என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அங்கே கூலிங் டவரின் உச்சியில் பெரிய மின்விசிறி. அதன் அடியில் கியர்பாக்ஸ். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் பக்கம் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் சூப்பர்வைசரிடம், "சார், மேல ஃபேன்ல ஒரு மாதிரி சத்தம் வருது" என்றார். சூப்பர்வைசர் ஃபிட்டரிடம் சொன்னார். ஃபிட்டர் ஏறிப் பார்த்தார். எண்ணெய் கொஞ்சம் குறைவாக இருந்தது, ஊற்றினார். இறங்கி வந்து ஆபரேட்டரிடம், "எதுக்கும் ஒரு கண்ணு வெச்சுக்கங்கண்ணே" என்றார். ஆபரேட்டர் அடுத்த ஷிப்ட் ஆபரேட்டரிடம், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், "ஃபேன் லேசா சவுண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். லாக் புக்கில் மூன்று ஷிப்டிலும் 'நார்மல்' என்றே எழுதியிருந்தது. அதில் பொய் இல்லை. மோட்டாரின் ஆம்பியர், தண்ணீரின் சூடு, இவற்றுக்குத்தான் அங்கே கட்டம் உண்டு. சத்தத்துக்குக் கட்டம் கிடையாது.

வியாழக்கிழமை விடியற்காலை கியர்பாக்ஸ் உடைந்தது. விசிறியின் இறக்கை ஒன்று முறிந்து பிய்த்துக்கொண்டு வந்து கீழே விழுந்தது. விழுந்த இடம், கேண்டீனுக்குப் போகும் நடைபாதை. ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் காலை ஷிப்ட் ஆட்கள் டீ குடிக்கப் போகிற வழி. கடவுள் புண்ணியத்தில் அப்போது யாரும் இல்லை.

விசாரணைக் குழுவில் நானும் ஒருவனாக இருந்தேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். நம்ப மாட்டீர்கள், எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நான் சொன்னேன் சார்." எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் விசிறியை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஷிப்ட் பொறுப்பாளரின் காதுக்கு அந்தச் செய்தி எட்டவே இல்லை. கை மாறும்போதெல்லாம் செய்தி இளைத்துக்கொண்டே போயிருக்கிறது. 'ஒரு மாதிரி சத்தம்' என்பது 'ஒரு கண்ணு வெச்சுக்கங்க' ஆகி, கடைசியில் 'லேசா சவுண்டு' ஆகிவிட்டது. முதலில் கண்டுபிடித்த அந்தத் தொழிலாளியிடம், "நேரே கண்ட்ரோல் ரூமுக்கு வந்து சொல்லியிருக்கலாமே?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். அதற்கு அவர், "உள்ள வரலாம்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே சார்" என்றார். எங்களில் யாருக்கும் அதற்குப் பதில் இல்லை.

அடுத்து, சொல்ல வேண்டியவரிடமே சொல்லியும் சேராமல் போகும் வகை. 1990-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, கொலம்பியா நாட்டின் ஏவியாங்கா நிறுவன விமானம் 52, நியூயார்க்கை நோக்கி வந்தது. வானிலை மோசம், நெரிசல். வானத்திலேயே ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்ற வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி தரைக் கட்டுப்பாட்டாளர்களிடம் 'முன்னுரிமை வேண்டும்' என்றார், 'எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது' என்றும் சொன்னார். ஆனால் 'எமர்ஜென்சி' என்ற சொல்லைச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், மற்ற விமானங்களை ஒதுக்கி இவர்களை முதலில் இறக்கும் நடைமுறை தானாக ஓடத் தொடங்கியிருக்கும். தலைமை விமானி ஸ்பானிய மொழியில், அவசர நிலை என்று சொன்னாயா என்று கேட்கிறார். சொல்லிவிட்டேன் என்கிறார் துணை விமானி. அவர் மனசறிந்து பொய் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். தான் சொன்னதும் அதுவும் ஒன்றுதான் என்று நினைத்திருப்பார். கேட்டவர்களுக்கு அப்படிப்படவில்லை. விமானம் லாங் ஐலேண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

நாமும் இப்படிப் பேசுகிறவர்கள்தானே? நேருக்கு நேர் மறுப்பதும், பெரியவர்களிடம் அழுத்திச் சொல்வதும் மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். "முடிஞ்சா கொஞ்சம் பாருங்க சார்", "சின்ன டவுட்தான் சார்", "எனக்கென்னவோ சரியா படல" என்று இழுத்து இழுத்துச் சொல்வோம். மரியாதை 'சார்' என்ற சொல்லில் இருக்கட்டும். விஷயத்தில் குழைவு வேண்டாம். "சார், பேரிங் சூடு நேத்து 70 டிகிரி, இன்னிக்கு 85. நாலு மணிக்குள்ள பம்பை மாத்தணும். உங்க அனுமதி வேணும்." இதில் மரியாதைக்கு என்ன குறை வந்துவிட்டது? என்ன ஆச்சு, எவ்வளவு, எப்போதுக்குள், யார் என்ன செய்யணும், இந்த நான்கும் இருந்தால் அது தகவல். இல்லாவிட்டால் அது முணுமுணுப்பு.

மூன்றாவது வகைதான் மிகவும் கொடுமையானது. தெளிவாகச் சொல்லியும் மேலே போகாமல் நின்றுவிடுவது. 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி சாலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73-ஆவது விநாடியில் சிதறியது. ஏழு பேர் பலியானார்கள். இது நீங்கள் பாடத்தில் படித்ததுதான். பூஸ்டரின் இணைப்பில் இருந்த 'ஓ-ரிங்' என்ற ரப்பர் வளையம், குளிரில் விறைத்துப்போனதால் சரியாக அடைக்கவில்லை. முதல் நாள் இரவு நடந்ததுதான் நம் தலைப்புக்கு வேண்டியது. பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஜோலி போன்றவர்கள், தொலைபேசிக் கூட்டத்தில், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக்கூடாது என்று வாதாடினார்கள். நாசா தரப்பில் அதிருப்தி. தியோக்கால் மேலாளர்கள் தனியே கலந்து பேசி, தங்கள் பொறியாளர்களின் பரிந்துரையை மாற்றி, ஏவலாம் என்று சொன்னார்கள். பின்னால் விசாரித்த ரோஜர்ஸ் குழு ஒன்றைக் கண்டுபிடித்தது: ஏவுவதற்குக் கடைசி முடிவு எடுத்த நாசா உயர் அதிகாரிகளுக்கு, பொறியாளர்கள் முதலில் 'வேண்டாம்' என்று சொன்ன விவரமே தெரிவிக்கப்படவில்லை.

பாருங்கள், இங்கே கீழே இருந்தவர்கள் எண்ணோடு, காரணத்தோடு, வாதாடிச் சொன்னார்கள். நடுவில் இருந்தவர்கள் அதை வடிகட்டிவிட்டார்கள். ஆகவே 'தைரியமாகப் பேசு' என்று இளைஞர்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் அது பாதி நியாயம்தான்.

இந்த இடத்தில் திருக்குறளின் அமைப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது. 'சொல்வன்மை' என்ற அதிகாரத்தை வள்ளுவர் எங்கே வைத்தார்? அமைச்சியலில் வைத்தார். 'கேள்வி' என்ற அதிகாரத்தை எங்கே வைத்தார்? அரசியலில் வைத்தார். சொல்லத் தெரிய வேண்டியவன் அமைச்சன், கேட்கத் தெரிய வேண்டியவன் அரசன் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம் அலுவலகங்களில் இது தலைகீழாக இருக்கிறது. மேலே போகப் போகப் பேச்சு கூடுகிறது, கேட்பது குறைகிறது. கூட்டம் என்றால் மேலாளர் முக்கால் மணி நேரம் பேசுவார். கடைசியில் "எனி டவுட்ஸ்?" என்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவரும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று எழுந்து போவார்.

சரி, இதற்கு என்ன வழி? வழி நம் ஊரிலேயே இருக்கிறது. நம் ரயில்வேயில் நிலைய அதிகாரிகளிடம் 'பிரைவேட் நம்பர்' தாள் ஒன்று உண்டு. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் போனில் முக்கியமான உறுதி கொடுக்கும்போது, வெறும் 'சரி' என்றால் செல்லாது. தாளில் அடுத்து வரும் எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய எண்ணை அடித்துவிட வேண்டும். சில லெவல் கிராசிங்குகளில், கேட்டை மூடிவிட்டேன் என்பதற்கு அடையாளமாக கேட் கீப்பரும் இப்படி எண் கொடுக்கிறார். எவ்வளவு எளிய ஏற்பாடு! 'நான் சொன்னேன், அவர் கேட்கலை' என்ற பேச்சுக்கு இடமே இல்லை. அதேபோல, ஓடும் ரயிலில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். இருவர் கண்ணிலும் பட்டதுதானே என்று சும்மா இருப்பதில்லை.

மருத்துவத்திலும் இப்படி வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. கத்தியை வைப்பதற்கு முன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் பணியையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஒருமுறை வாய் திறந்து பேசிவிட்ட நர்ஸ், அப்புறம் ஏதாவது தவறாகத் தெரிந்தால் பேசத் தயங்க மாட்டார் அல்லவா? டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள். 2009-இல் வெளியான முடிவின்படி, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. ஒரு தாளும் நாலு வார்த்தையும்தான்.

நான் சொன்ன ஆலையிலும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. லாக் புக்கில் 'அடுத்த ஷிப்ட் கவனிக்க வேண்டியது' என்று ஒரு பகுதி சேர்த்தார்கள். ஒப்படைப்பவரும் பெறுபவரும் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெறுபவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவரும் சேர்ந்து இயந்திரத்தின் அருகே போய்ப் பார்த்துவிட்டுத்தான் பிரிய வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், பஸ் போய்விடும் என்றார்கள். நிர்வாகம் பஸ்ஸைப் பதினைந்து நிமிஷம் தள்ளி வைத்தது. முணுமுணுப்பு நின்றது. பாதிக் குறைகள் இப்படித்தான், ஆளைத் திட்டுவதை விட்டு ஏற்பாட்டை மாற்றினால் சரியாகிவிடும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட யார் வேண்டுமானாலும் கண்ட்ரோல் ரூமுக்கு வந்து சொல்லலாம் என்று வாசலிலேயே எழுதியும் வைத்தார்கள்.

இக்காலத்துக்கான இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வாட்ஸ்அப். "குரூப்ல போட்டாச்சு சார்" என்பது 'நான் சொன்னேன்' என்பதன் புது அவதாரம். நாற்பது பேருக்குப் போனது, யாருக்கும் போகாதது மாதிரிதான். நீல நிற டிக் வந்தால் கண்ணில் பட்டது என்று பொருள், கருத்தில் பட்டது என்று இல்லை. உயிர், பணம், கெடு சம்பந்தப்பட்டதென்றால் போனை எடுத்து, உரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். பிறகு எழுத்திலும் அனுப்புங்கள்.

இரண்டு, மொழி. இன்று நம் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் சகோதரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். காலையில் அவர்களை நிற்க வைத்துத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பாதுகாப்பு விதிகளைச் சொல்லி, "புரிஞ்சுதா?" என்கிறோம். தலையாட்டுகிறார்கள். 'புரிஞ்சுதா' என்ற கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான், 'ம்'. அதற்குப் பதிலாக, "இந்த வால்வை எப்படி மூடுவே, காட்டு" என்று கேளுங்கள். விளங்கியதா இல்லையா என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவர்கள் மொழியில் நாலு வார்த்தை நாம் கற்றுக்கொண்டால் குறைந்து போய்விட மாட்டோம்.

மாணவத் தம்பி தங்கைகளே, நாளைக்கு வேலைக்குப் போவீர்கள். நீங்கள்தான் அங்கே வயதில் சின்னவர்களாக இருப்பீர்கள். உங்கள் கண்ணில் ஒன்று படும், பெரியவர்கள் கண்ணில் படாமல் இருக்கும். அப்போது, 'நமக்கே தெரியுது, அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்' என்று இருந்துவிடாதீர்கள். தெரியாமல் இருக்கலாம். எண்ணோடு சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். அவர் என்ன செய்யப் போகிறார் என்று அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு நகருங்கள்.

பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் என் பணிவான வேண்டுகோள். கெட்ட செய்தியோடு ஒருவன் உங்கள் அறைக்கு வரும்போது, உங்கள் முகம் முதல் ஐந்து விநாடியில் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த முறை அவன் வருவானா மாட்டானா என்பது தீர்மானமாகிறது. அவன் சொன்னது பத்தில் ஒன்பது முறை ஒன்றுமில்லாமல் போகலாம். பரவாயில்லை. பத்தாவது முறையும் அவன் வர வேண்டும் அல்லவா? அதற்காக அந்த ஒன்பது முறையும் உட்கார வைத்துக் கேளுங்கள். அந்தக் கூலிங் டவர் சத்தத்தை முதலில் கேட்டவர் கையில் துடைப்பம்தான் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.